புது கிராபிக்ஸ், பழைய கணக்கு: கேம் உருவாக்குவோர் கேள்வி பதில்

ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணித்து நிழலையும் பிரதிபலிப்பையும் வரைவது), நானைட் (லட்சக்கணக்கான முக்கோணம் உள்ள பொருள்களை வரையும் அன்ரியல் கேம் இன்ஜினின் வசதி), லூமென் (அதே இன்ஜினில் ஒளியை உடனுக்குடன் கணிக்கும் வசதி), டிஎல்எஸ்எஸ் (சின்னப் படத்தைப் பெரிதாக்கும் என்விடியா நுட்பம்) என்று ஆண்டுக்கொரு பெயர் வருகிறது. இவற்றால் கேம் செய்பவருக்கு என்ன லாபம், எங்கே கையைச் சுடும்? இம்மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர். கணினிக்காக ஒரு துப்பறியும் கேம் செய்கிறோம். கதை முழுக்க ஒரு பழைய பங்களாவுக்குள் நடக்கிறது. ரே டிரேசிங் இருந்தால்தான் இன்று விற்கும் என்கிறார் ஒருவர். லைட்மேப், அதாவது முன்கூட்டியே கணித்துப் படமாகச் சேமித்த ஒளி, போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
– வாசகர், கோவை

பதில்: விற்பனைக்காக என்றால் வேண்டாம். உங்கள் வேலையைக் குறைப்பதற்காக என்றால் யோசிக்கலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த வாக்குவாதம் முடிவதில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். விண்டோஸ் கேம்கள் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் இடைமுகம் டைரக்ட்எக்ஸ். அதற்கான டைரக்ட்எக்ஸ் ரே டிரேசிங்கை மைக்ரோசாப்ட் 2018 மார்ச்சில் அறிவித்தது. செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை கார்டுகள் வந்தன. நவம்பரில் பேட்டில்ஃபீல்டு 5 கேமில் பிரதிபலிப்புகள் அந்த முறையில் வந்தன. அங்கே ரே டிரேசிங் என்பது பழைய முறைக்குப் பக்கத்தில் வைத்த இன்னொரு சுவிட்ச். கார்டு இல்லாதவருக்காகப் பழையதும் இருக்க வேண்டும், இருப்பவருக்காகப் புதியதும் இருக்க வேண்டும். இப்படி இரண்டையும் வைத்திருந்தால் ஒவ்வொரு அறையையும் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். ஒன்றில் அழகாக இருக்கும் மேசை மற்றொன்றில் கரியாகத் தெரியும்.

மெட்ரோ எக்ஸோடஸ் 2019 பிப்ரவரியில் அப்படித்தான் இரண்டு வழியோடும் வந்தது. 2021 மே மாதம் வந்த அதன் மேம்பட்ட பதிப்பு, ரே டிரேசிங் கார்டு இல்லாவிட்டால் ஓடவே ஓடாது. பழைய ஒளியமைப்பையே அதில் எடுத்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் கார்டான ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரைக் குறைந்தபட்சத் தேவையாகவே வைத்தன. லாபம் தொடங்குவது இந்த இடத்தில்தான். புதியது பழையதை வெளியேற்றினால் வேலை குறையும். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் வேலை இரட்டிப்பாகும்.

எவ்வளவு குறையும்? நீங்களே கணக்குப் போடலாம். லைட்மேப் முறையில் ஒரு விளக்கை நகர்த்தினால் மறுபடி பேக் செய்ய வேண்டும், அதாவது ஒளியைக் கணித்துச் சேமிக்க வேண்டும். காட்சியின் அளவைப் பொறுத்து அது சில நிமிடமும் ஆகும், ஓர் இரவும் ஆகும். உங்கள் பங்களாவின் ஒரு தளத்துக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளியமைப்பவர் நாளைக்கு எட்டு முறை திருத்தினால் 160 நிமிடம் சும்மா காத்திருப்பார். இதை விடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு: காத்திருக்கப் பயந்து அவர் எட்டு முறை திருத்த வேண்டியதை மூன்று முறையோடு நிறுத்திவிடுவார். அந்த அறை சுமாராகவே நின்றுவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. பேக் செய்த ஒளி விளையாடுபவரின் கணினியில் கிட்டத்தட்ட இலவசம். ஒரு படத்தைப் படிக்கும் செலவுதான். ரே டிரேசிங்கில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், கணிப்பு நேரத்தைச் செலவழித்தாக வேண்டும்.

ஆகவே கதையிடம் கேளுங்கள். விளக்கை அணைப்பது, போடுவது, சன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விடுவது, சுவரை இடிப்பது இவையெல்லாம் துப்பறிதலில் ஒரு பகுதியா? ஆம் என்றால் உடனுக்குடன் கணிக்கும் ஒளி வேண்டும். அன்ரியல் 5இன் லூமெனை ரே டிரேசிங் கார்டு இல்லாமலே மென்பொருள் வழியில் ஓட்டலாம். இல்லை, ஒரே இரவு, அசையாத சுவர்கள், கையில் ஒரு டார்ச் அவ்வளவுதான் என்றால் லைட்மேப் தாராளம். டார்ச்சின் நேரடி ஒளி லைட்மேப்போடு ஒத்துப் போகும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் வராது. அதற்கு டார்ச் படும் இடத்திலேயே நிழலில்லாத மங்கலான ஒரு பாயின்ட் விளக்கை வைத்து ஏமாற்றுவது பழைய வித்தை. இன்றும் வேலை செய்கிறது.

லைட்மேப் என்று முடிவானால் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, இரண்டாவது யூவி, அதாவது லைட்மேப்புக்காகப் பொருளின் பரப்பைத் துண்டுகளாக விரித்து வைக்கும் தட்டை வரைபடம். அதில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. லைட்மேப்பின் ரெசல்யூஷனில் துண்டுகளுக்கிடையே குறைந்தது 2 டெக்சல் (லைட்மேப் படத்தின் புள்ளி) இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் விளிம்புகளில் கறுப்புக் கறை ஒழுகும். இன்னொன்று, சுவரைச் சிறு துண்டுகளாக அடுக்குவது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக பேக் ஆவதால் சேருமிடத்தில் கோடு தெரியும். நீளச் சுவரை ஒரே துண்டாக இணையுங்கள், அல்லது இணைப்பில் ஒரு தூணை நிறுத்துங்கள். பழைய பங்களாதானே, தூணுக்கா பஞ்சம்?

கேள்வி: அன்ரியல் 5இல் லூமென், நானைட் இரண்டையும் போட்டதும் ஆர்டிஎக்ஸ் 3060இல் வினாடிக்கு 38 ஃப்ரேம்தான் வருகிறது. 60 வேண்டும். எதை முதலில் அணைப்பது?
– வாசகர், பெங்களூர்

பதில்: எதையும் அணைக்க வேண்டாம், முதலில் அளக்கவும். ஃப்ரேம் எண்ணிக்கையில் யோசிப்பதை விட்டு மில்லி வினாடியில் யோசியுங்கள். 38 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்கு 26.3 மில்லி வினாடி. 60க்கு 16.6. நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஏறக்குறைய 10 மில்லி வினாடி.

எடிட்டர் சன்னலில் அளந்தால் எடிட்டரின் சுமையும் சேர்ந்துவிடும். பேக்கேஜ் செய்த டெஸ்ட் பில்டில் அளப்பது நல்லது. அது முடியாதபோது தனி சன்னலில் ஓட்டியாவது அளந்து பாருங்கள். விசின்க்கை (ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு பூட்டும் அமைப்பை) அணையுங்கள், ஃப்ரேம் வரம்பையும் நீக்குங்கள். அவை இருந்தால் சும்மா காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்போலக் காட்டும்.

பிறகு அன்ரியலின் கட்டளைப் பெட்டியில் 'ஸ்டாட் யூனிட்' கட்டளை. கேம் (கேமின் நிரல்), டிரா (வரையும் ஆணைகளைத் தயாரிப்பது), ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) என்று தனித்தனி எண்கள் வரும். இவை வரிசையாக அல்லாமல் ஒன்றோடொன்று இணையாக ஓடுபவை. ஆகவே கூட்டிப் பார்க்காதீர்கள், மூன்றில் பெரியது எதுவோ அதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. கேம் எண் 25இல் நின்றால் லூமெனை அணைத்து ஒரு பயனும் இல்லை; உங்கள் ப்ளூபிரின்ட்டில் (அன்ரியலில் கட்டங்களை இணைத்து எழுதும் நிரலில்) எதுவோ ஒவ்வொரு ஃப்ரேமும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஜிபியுதான் பெரியது என்றால் ஒரு சின்னச் சோதனை: ஸ்கிரீன் பர்சன்டேஜை 50க்கு இறக்குங்கள். அகலமும் உயரமும் பாதியாவதால் பிக்சல்கள் நான்கில் ஒன்றாகும். நேரம் சடாரென்று இறங்கினால் சுமை பிக்சல் பக்கம்: ஒளி, பிரதிபலிப்பு, மெட்டீரியல் (பரப்பின் தோற்றம்). அசையவே இல்லை என்றால் சுமை முக்கோணங்கள், நிழல் பக்கம்.

இந்த ஒரு சோதனை பாதி வழி காட்டிவிடும். மீதிக்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட், கமா மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜிபியு புரொஃபைலர் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு தின்கிறது என்று பட்டியல் போடும்.

உங்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் சந்தேகம். லூமென் 'எபிக்' தரத்தில் 30 ஃப்ரேமுக்கும் 'ஹை' தரத்தில் 60 ஃப்ரேமுக்கும் என்று திட்டமிடப்பட்டது. இந்தத் தலைமுறை கேம் கன்சோல்களில் உள் ரெசல்யூஷன் 1080பி இருக்கும்போது எபிக்குக்குச் சுமார் 8 மில்லி வினாடி, ஹைக்குச் சுமார் 4 என்பது அன்ரியலை உருவாக்கும் எபிக் கேம்ஸ் வைத்த அளவு. எடிட்டர் பொதுவாக எபிக்கில்தான் திறக்கும். பலர் அதை மாற்றாமலே லூமெனைத் திட்டுகிறார்கள். ஹைக்கு இறக்கினால் தேடும் பத்தில் நாலு இங்கேயே கிடைக்கலாம்.

அடுத்தது வர்ச்சுவல் ஷேடோ மேப், அதாவது அன்ரியல் 5இன் நிழல் முறை. 16,384க்கு 16,384 அளவுள்ள நிழல் படத்தை 128க்கு 128 பக்கங்களாக வெட்டி, தேவையானதை மட்டும் வரைந்து, அசையாதவற்றைச் சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்துகிறது. இதன் மலிவே அந்தச் சேமிப்பில்தான் இருக்கிறது. காற்றில் ஆடும் ஒரு மரம் தான் தொடும் பக்கங்களையெல்லாம் ஒவ்வொரு ஃப்ரேமும் செல்லாததாக்கிவிடும். தோப்பே ஆடினால் சேமிப்புக்கு அர்த்தமே இல்லை. மரங்களின் மெஷ் (முக்கோணங்களாலான வடிவம்) அமைப்பில், குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் இலை அசைவை நிறுத்தும் வசதி இருக்கிறது. 30, 40 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள். அதற்கு அப்பால் இலை ஆடுகிறதா என்று விளையாடுபவர் பார்க்கப் போவதில்லை.

கேள்வி: நானைட் இருந்தால் 30 லட்சம் முக்கோணம் உள்ள ஸ்கேன் பாறையை அப்படியே போடலாமா? லோ பாலி (குறைந்த முக்கோணத்தில் வடிவமைப்பது), எல்ஓடி (தூரத்துக்கேற்ப எளிய வடிவத்தை மாற்றி வைப்பது) எல்லாம் கற்றது வீணா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: பாறையைப் போடலாம். நானைட் மெஷ்ஷை 128 முக்கோணம் வரை கொண்ட கொத்துகளாகப் பிரித்து, திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதற்கேற்ற கொத்தை எடுத்துக்கொள்ளும். மிகச் சிறிய முக்கோணங்களைக் கார்டின் வழக்கமான வழியில் அனுப்பாமல் தன் சொந்த நிரல் வழியில் வரைகிறது. காரணம் இருக்கிறது. கார்டு பிக்சல்களை 2க்கு 2 என்று நான்கு நான்காகத்தான் நிறமிடும். ஒரு பிக்சல் அளவு முக்கோணத்துக்கும் நான்கின் வேலை நடக்கும், மூன்று வீண்.

வட்டில் பிடிக்கும் இடமும் பயந்த அளவு இல்லை. எபிக் கேம்ஸ் தரும் சராசரி, முக்கோணம் ஒன்றுக்கு 14.4 பைட், பத்து லட்சத்துக்கு 13.8 மெகாபைட். ஒரு 4கே நார்மல் மேப் (மேடு பள்ளத்தைப் போலியாகக் காட்டும் படம்) சுருக்கிய பிறகும் மிப்மேப்போடு (தூரத்துக்கான சிறிய நகல்களோடு) சுமார் 21 மெகாபைட். பாறையின் சிறு மேடு பள்ளங்களை முக்கோணமாகவே வைத்துவிட்டு 4கே நார்மல் மேப்பை எடுத்துவிட்டால் உண்மையிலேயே இடம் மிச்சம். ஆனால் இரண்டையும் வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். பிறகு கேம் 150 ஜிபி ஆகிவிட்டது என்று கவலைப்படுவார்கள்.

சிக்கல் செடிகொடியில். ஒரு பாறை பின்னாலிருப்பதை முழுக்க மறைக்கும். நானைட்டும் மறைந்ததைத் தூக்கி எறியும். இலைகளுக்கிடையே ஓட்டை. எதுவும் முழுக்க மறையாது, எல்லாவற்றையும் வரைய வேண்டியதாகிறது. அட்டையில் இலைப் படம் ஒட்டி ஓரத்தை வெட்டும் பழைய மாஸ்க் முறை நானைட்டில் இன்னும் மோசம். இலையை உண்மையான வடிவமாகவே வெட்டிக் கொடுப்பது மலிவு. தூரத்தில் மரம் மொட்டையாகத் தெரிந்தால் மெஷ்ஷின் நானைட் அமைப்பில் பரப்பைக் காக்கும் தெரிவைப் போடுங்கள். கண்ணாடி, தண்ணீர் போன்ற ஒளி ஊடுருவுவன நானைட்டில் வராது.

எல்ஓடி கற்றது வீணில்லை. ரே டிரேசிங்கும் மோதல் கணிப்பும் நானைட் மெஷ்ஷுக்குப் பதிலாக அதன் எளிய மாற்று மெஷ்ஷைத்தான் பெரும்பாலும் பார்க்கின்றன. அந்த மாற்று மிகவும் கரடுமுரடாக இருந்தால் பாறைமேல் இல்லாத நிழல் புள்ளிபுள்ளியாக விழும். போனுக்கோ பழைய கார்டுக்கோ போகும் நாளில் லோ பாலி தெரிந்தவரைத்தான் தேடுவார்கள்.

கேள்வி: லூமென் போட்ட வீட்டில் சுவர் ஓரமாக வெளிச்சம் கசிகிறது. சில மூலைகள் கறுப்பாகத் துடிக்கின்றன. ஏன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சுவர் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். மென்பொருள் வழி லூமென் உண்மையான மெஷ்ஷைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் செய்து வைத்த தூரப் புலத்தை, அதாவது ஒரு புள்ளியிலிருந்து பரப்பு எவ்வளவு தூரம் என்ற கணக்கைப் பார்க்கிறது. அது கரடுமுரடான அச்சு. காகிதம்போல் மெலிந்த சுவர் அதில் பதிவதே இல்லை. 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கட்டுங்கள். ஒற்றைப் பக்கத் தகட்டை ஒருபோதும் சுவராக்க வேண்டாம்.

கறுப்புத் துடிப்புக்குக் காரணம் வீடு முழுவதையும் ஒரே மெஷ்ஷாகக் கொண்டுவந்தது. லூமென் ஒவ்வொரு மெஷ்ஷையும் சுற்றியிருந்து சில அட்டைகளாகப் படமெடுத்து வைக்கிறது. இயல்பான உச்சம் 12. ஒரு மேசைக்கு அது போதும். ஆறு அறை வீட்டுக்கு 12 படம் எப்படிப் போதும்? லூமெனின் சர்ஃபேஸ் கேஷ் காட்சியைத் திறந்தால் படமில்லாத இடமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும். சுவர், தரை, கூரையைத் தனித்தனி மெஷ் ஆக்குங்கள். லைட்மேப்புக்குச் சேர்க்கச் சொன்னோம், லூமெனுக்குப் பிரிக்கச் சொல்கிறோம். முறை மாறினால் கட்டுமானமே மாறுகிறது. பாதி வழியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

சின்னதாகவும் மிகப் பிரகாசமாகவும் ஒளிரும் பொருளால் அறைக்கு வெளிச்சம் தர நினைத்தாலும் புள்ளிபுள்ளியாகத் துடிக்கும். பல்பை மெட்டீரியலில் ஒளிரவிடுங்கள். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஓர் உண்மையான விளக்கை வையுங்கள்.

கேள்வி: டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் (ஏஎம்டியின் அதே வகை நுட்பம்) இருக்கும்போது மெனக்கெட்டு ஆப்டிமைஸ் செய்வது ஏன்? இன்னொன்று: எங்கள் கேமில் எஃப்எஸ்ஆர் போட்டதும் புல்லும் மழையும் வால் இழுக்கின்றன. நாங்கள் செய்த தவறு என்ன?
– இரு வாசகர்கள், சென்னை, மதுரை

பதில்: இரண்டாவதை முதலில் பார்ப்போம், அதில்தான் விஷயம் அதிகம்.

இந்த நுட்பங்கள் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குகின்றன. 4கே திரைக்கு 'குவாலிட்டி' நிலையில் 2560க்கு 1440; 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் 1920க்கு 1080. விட்டுப்போன விவரம் வானத்திலிருந்து வருவதில்லை. கேமராவை ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு பிக்சலுக்குள்ளேயே சற்று நகர்த்தி, பழைய ஃப்ரேம்களில் கிடைத்ததைச் சேர்த்துக்கொள்கின்றன. போன ஃப்ரேமில் இந்தப் புள்ளி எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் சேர்க்க முடியும். அதைச் சொல்வது மோஷன் வெக்டர். உங்கள் புல், கார்டில் ஓடும் சிறு நிரலான ஷேடருக்குள் அசைகிறது; ஆனால் அந்த அசைவு மோஷன் வெக்டரில் எழுதப்படவில்லை. புல் நிற்கிறது என்று எஃப்எஸ்ஆர் நம்புகிறது. அதனால் வால். புல்லின் போன ஃப்ரேம் நிலையையும் ஷேடரில் கணக்கிட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். அன்ரியலில் உச்சிப்புள்ளி அசைவுக்கும் வேகம் எழுதும்படி புராஜெக்ட் அமைப்பிலேயே தெரிவு உண்டு.

மழை, புகை, தீப்பொறி வேறு கதை. ஒளி ஊடுருவும் துகள்களுக்குப் பெரும்பாலும் மோஷன் வெக்டரே கிடையாது. அந்தப் பிக்சல்களை 'பழையதை நம்பாதே' என்று குறிக்கும் ரியாக்டிவ் மாஸ்க்கை எஃப்எஸ்ஆருக்குக் கொடுக்க வேண்டும். துகள்களை வரையும்போதே அவற்றின் ஆல்பாவை (ஒளிபுகா அளவை) ஒரு தனிப் படத்தில் எழுதிவைத்தால் ஆயிற்று.

அடிக்கடி தவறும் வேறு சில இடங்கள். டெக்ஸ்ச்சர் (பரப்பில் ஒட்டும் படம்) மங்கலாகத் தெரிந்தால் மிப் பயாஸ் (எந்த அளவு மிப்மேப்பை எடுப்பது என்ற திருத்தம்) மாற்றவில்லை என்று பொருள்; வரையும் அகலத்தைத் திரை அகலத்தால் வகுத்து, அடிமானம் 2இல் மடக்கை எடுத்து, 1 கழியுங்கள். குவாலிட்டிக்கு மைனஸ் 1.58, பெர்ஃபார்மன்ஸுக்கு மைனஸ் 2 வரும். கேமரா வெட்டி இன்னொரு காட்சிக்குப் போகும்போது ரீசெட் கொடியை அனுப்பாவிட்டால் பழைய அறை புதிய அறையின்மேல் ஒரு கணம் பேயாகத் தெரியும். ஃபிலிம் கிரெய்ன், மோஷன் பிளர், ஓர மங்கல் எல்லாம் பெரிதாக்கிய பிறகுதான் வர வேண்டும். முன்னால் வந்தால் கிரெய்னை விவரம் என்று நினைத்துப் பிசைந்துவிடும். எழுத்தும் பட்டன்களும் முழு ரெசல்யூஷனில் கடைசியாக. கேமரா நகர்த்தும் வரிசையின் நீளத்தையும் பாருங்கள்: குவாலிட்டிக்கு 18 நிலை, பெர்ஃபார்மன்ஸுக்கு 32. பழைய ஆன்டி அலியாசிங்குக்கு (விளிம்பை மென்மையாக்கும் முறைக்கு) வைத்த 8ஐ அப்படியே விட்டால் நின்ற படமும் நடுங்கும்.

இனி முதல் கேள்வி. இவை பிக்சல் சுமையை மட்டுமே குறைக்கும். சிபியு திணறினால் உதவாது. மெமரி போதாவிட்டால் அதிகம் உதவாது. 1080பி திரைக்காரர் பெர்ஃபார்மன்ஸ் போட்டால் 960க்கு 540இல் வரைகிறோம். அவ்வளவு சின்னப் படத்திலிருந்து மின்கம்பியையும் வேலிக்கம்பியையும் எப்படி மீட்பது? நம் மதிப்பீடு இதுதான்: நீங்கள் குறிவைக்கும் நடுத்தரக் கார்டில் 1080பியில், பெரிதாக்கல் இல்லாமல், நடுத்தர அமைப்பில் 60 வரும்படி செய்யுங்கள். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் 4கே திரை வைத்திருப்பவருக்குத் தரும் போனஸ்.

கேள்வி: ஃப்ரேம் ஜெனரேஷனால் 30ஐ 60 ஆக்கலாமே?
– வாசகர், சேலம்

பதில்: எண் 60 காட்டும், கை 30ஐத்தான் உணரும். இரண்டு உண்மை ஃப்ரேம்களுக்கு நடுவில் ஒன்றைப் புகுத்த, இரண்டாவது வரும்வரை காத்திருக்க வேண்டும்; பட்டனை அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையே தாமதம் கூடுகிறது. அடிப்படை 60 இருந்தால் 120 ஆக்குவது இதமாக இருக்கும். டிஎல்எஸ்எஸ் 4 ஓர் உண்மை ஃப்ரேமுக்கு மூன்று வரை கூடுதலாக உருவாக்கும். சுடும் கேமில் அதை நம்பி இறங்க வேண்டாம்.

கேள்வி: முதல் முறை ஒரு வெடி வெடிக்கும்போது கேம் அரை வினாடி நின்றுவிடுகிறது. இரண்டாம் முறை சரியாக ஓடுகிறது. எங்கள் கணினியில் ஒருபோதும் வருவதில்லை, விளையாடுபவர்கள் மட்டும் புகார் சொல்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: ஷேடர் கம்பைல் திணறல். கார்டோடு பேசும் இடைமுகங்களான டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் இரண்டிலும் ஒரு பொருளை வரைய ஷேடர், கலக்கும் முறை, ஆழச் சோதனை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பைப்லைன் செய்து, அந்தக் கணினியின் கார்டுக்கும் டிரைவருக்கும் ஏற்பக் கம்பைல் செய்தாக வேண்டும். முன்கூட்டிச் செய்யாவிட்டால் வெடி வெடிக்கும் அந்தக் கணத்தில் செய்யும். உங்கள் கணினியில் டிரைவர் எப்போதோ சேமித்துவிட்டது. அதனால் உங்களுக்குத் தெரிவதில்லை. கன்சோலில் கருவி ஒன்றே என்பதால் கம்பைல் செய்தே அனுப்பலாம். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவிக்கும் அதைச் செய்யும் வால்வ் அப்படி முன்கூட்டியே தருகிறது. ஆளுக்கு ஆள் கார்டு மாறும் சாதாரணக் கணினிக்கு அது எளிதில்லை.

சோதிக்கும் வழி: விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ் என்ற வரியைத் தேர்ந்து அழித்துவிட்டு, கேம் தன் பங்குக்குச் சேமித்து வைத்திருக்கும் பைப்லைன் கோப்பையும் நீக்கிவிட்டு விளையாடுங்கள். ஒவ்வொரு பில்டுக்கும் இதைச் செய்வது வழக்கமாகட்டும்.

தீர்வு இரண்டு படி. முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். மாஸ்டர் மெட்டீரியலில் பத்து ஸ்டாட்டிக் சுவிட்ச் வைத்தால், ஒவ்வொன்றும் ஆம், இல்லை என இரண்டு ஷேடர் கேட்பதால், 1024 கலவை வரை சாத்தியம். பன்னிரண்டு என்றால் 4096. ஈரம், பனி, பாசி என்று அழகுக்குச் சேர்த்த சுவிட்சுகளில் பாதியைச் சாதாரண எண் அளவுருவாக மாற்றலாம். பிறகு, தலைப்புத் திரையிலோ முதல் லோடிங்கிலோ எல்லாவற்றையும் கம்பைல் செய்து முன்னேற்றப் பட்டையைக் காட்டுங்கள். அன்ரியலின் அண்மைப் பதிப்புகளில் முன்கூட்டித் தயாரிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனாலும் நீங்களே எழுதிய ஷேடர்களும் சில துகள் விளைவுகளும் தப்பிவிடும். அவற்றைக் கேமராவின் மூலையில் ஓரிரு ஃப்ரேம் வரைந்து காட்டிச் சூடேற்றுவது அழகான வழியில்லை, ஆனால் பலிக்கும். டிரைவரைப் புதுப்பித்தால் சேமித்தது செல்லாது, மறுபடி பட்டை வரும். இதையும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் 4கே டெக்ஸ்ச்சர் போட்டால் தவறா? 8 ஜிபி கார்டுதானே குறைந்தபட்சம்?
– வாசகி, ஈரோடு

பதில்: தெரிந்தால்தானே போட வேண்டும். முதல் நபர் கேமில் 90 பாகை பார்வை, சுவருக்கு ஒரு மீட்டர் அருகில் நிற்கிறார் என்று வையுங்கள். அவருக்கு 2 மீட்டர் அகலம் தெரியும். 1080பி திரையில் 1920 பிக்சல், மீட்டருக்கு 960. ஆக, மீட்டருக்கு 1024 டெக்சல் போதும். 2 மீட்டர் சுவர்த் துண்டுக்கு 2கே. தொட முடியாத கூரைக்கு அதில் கால்வாசி. பிசி7 என்ற டெக்ஸ்ச்சர் சுருக்கத்தில் மிப்மேப்போடு 2கே என்றால் 5.3 மெகாபைட், 4கே என்றால் 21.3. நிறம், நார்மல், ரஃப்னஸ் (சொரசொரப்பு) என்று மூன்று படம் சேர்ந்தால் ஒரு மெட்டீரியலுக்கு 64. நூறு மெட்டீரியல் வைத்தால் 6 ஜிபியைத் தாண்டிவிட்டது. விண்டோஸுக்கும் ரே டிரேசிங் கட்டமைப்புக்கும் எங்கே இடம்?

கேள்வி: போனில் இந்தப் புதுமை எதுவும் எடுபடுமா? எங்கள் கேம் முதல் பத்து நிமிடம் 60இல் ஓடி, பிறகு 40க்கு விழுந்துவிடுகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போனில் எதிரி சூடு. ரே டிரேசிங் போனுக்கு 2022இல் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 வழியாகவும், 2023இல் ஐபோன் 15 புரோவின் ஏ17 புரோ வழியாகவும் வந்தது உண்மை. ஆனால் சட்டைப் பையளவு கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு விசிறி வரவில்லையே! சிப் சூடானதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே 16.6 மில்லி வினாடி முழுவதையும் செலவழிக்காதீர்கள். 11க்குள் முடித்து மீதியில் சிப் மூச்சு வாங்கட்டும். 30 ஃப்ரேம் என்றால் 22. நீங்கள் சொல்லும் பத்து நிமிடச் சரிவு இதனால்தான். சோதனையை அரை மணி நேரம், உறை போட்ட போனில், திரை வெளிச்சம் முழுதாக வைத்துச் செய்யுங்கள்.

போனின் ஜிபியு திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சிப்புக்குள்ளேயே வரைந்து முடித்து, கடைசியில் ஒரு முறை மெமரிக்கு அனுப்பும். மெமரிக்குப் போய்வருவதுதான் மின்சாரத்தைத் தின்பது, அதுவே சூடு. கணினியிலிருந்து கொண்டுவந்த ப்ளூம், ஆழ மங்கல், ஓரத்துக்கு ஓர் எஃபெக்ட் என்று அடுக்கினால் ஒவ்வொன்றும் முழுத் திரையையும் வெளியே அனுப்பி உள்ளே இழுக்கும். இரண்டுக்கு மேல் வேண்டாம். மாறாக, கணினியில் விலை கூடிய 4 மடங்கு எம்எஸ்ஏஏ (விளிம்பை மென்மையாக்கும் ஒரு முறை) இங்கே மலிவு, தயங்காமல் போடலாம். ஃப்ரேம் முடிந்தபின் ஆழப் படம் தேவையில்லை என்றால் அதைச் சேமிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓட்டை வெட்டும் ஆல்பா டெஸ்ட்டை முடிந்தவரை தவிருங்கள். மறைந்ததை முன்பே கழித்துவிடும் வசதியை அது கெடுக்கும்.

டெக்ஸ்ச்சர் சுருக்கத்துக்கு ஏஎஸ்டிசி. அது படத்தைக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்; எந்த அளவுக் கட்டமானாலும் 16 பைட். ஆகவே 2கே படம் சுருக்காமல் 16 மெகாபைட், 4க்கு 4 கட்டத்தில் 4, 6க்கு 6இல் சுமார் 1.8, 8க்கு 8இல் 1. நார்மல் மேப்புக்கு 4க்கு 4, நிறத்துக்கு 6க்கு 6, தூரத்து மலைக்கு 8க்கு 8 என்று தொடங்கலாம். முகத்திலும் எழுத்திலும் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள்.

கேள்வி: கேம் கிராபிக்ஸ் வேலைக்குப் போக வல்கனை நேரடியாகக் கற்க வேண்டுமா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: இன்ஜினுக்குள் வேலை செய்வதானால் ஆம். ஒரு முக்கோணம் வரையவே ஏறத்தாழ ஆயிரம் வரி எழுத வேண்டியிருக்கும், மனம் தளராதீர்கள். கேம் செய்வதுதான் குறி என்றால் முதலில் ஒரு ஃப்ரேம் எப்படி வரையப்பட்டது என்று காட்டும் ரெண்டர்டாக் கருவியை நிறுவி, நீங்களே செய்த காட்சியின் ஒரு ஃப்ரேமைப் பிடித்து, ஒவ்வொரு டிரா காலும் (வரையும் ஆணையும்) எதை வரைகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். கோடோட் 4 என்ற கேம் இன்ஜினில் ஃபார்வர்டு பிளஸ், மொபைல், கம்பாட்டிபிலிட்டி என மூன்று ரெண்டரர் (வரையும் முறை) இருக்கின்றன. ஒரே காட்சியை மூன்றிலும் ஓட்டி, எங்கே படம் மாறுகிறது, எங்கே நேரம் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அதிகம் பேசும்.